ஐந்தாம் எண்

“...அந்த டாக்டரை மட்டும் அவ கட்டிக்கிட்டான்னு வைங்க, அன்னைக்கே நான் பார்க்கிறதை நிறுத்திடுவேன். உங்க ஆபீஸ்ல சொல்லிடுங்க தம்பி.”

நான் டி.வி.க்குப் பின்னால் மண்டியிட்டு ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“கதையில நாங்க தலையிட முடியாதும்மா. எதை எத்தனை பேர் பார்க்கிறாங்கன்னு எண்ணுறதோட எங்க வேலை முடிஞ்சுது.”

“எண்ணுறீங்கல்ல, அது போதும்.”

அந்த அம்மா சோபாவில் ஒரு காலை மடித்து உட்கார்ந்திருந்தார். அறுபத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, இருப்பது அண்ணன் வீட்டில். இவ்வளவும் எங்கள் பதிவில் உண்டு.

கையில் எங்கள் கம்பெனி ரிமோட். வீட்டில் ஆளுக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு பட்டன். டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்தால் அமுக்க வேண்டும், எழுந்து போனால் மறுபடி அமுக்க வேண்டும். டி.வி. மேலிருக்கும் பெட்டியில் அந்த எண்ணின் விளக்கு எரியும், அணையும்.

ஐந்து அவருடையது.

“இவங்கல்லாம் அமுக்கிட்டுத் தூங்கிடுவாங்க,” என்றார், எதிர் நாற்காலியில் இருந்த அண்ணனைக் காட்டி. “நான் பாத்ரூம் போனாக்கூட அமுக்கிட்டுத்தான் போவேன். ஏமாத்தக் கூடாதில்ல?”

உண்மைதான். அலுவலகத்தில் இந்த வீட்டு ஐந்தாம் எண்ணை எல்லோருக்கும் தெரியும். விளம்பரம் வந்ததும் அணையும், கதை தொடங்குவதற்குள் எரியும். யாரையும் நம்பாத எங்கள் மேலாளர் அதை மட்டும் கேள்வி கேட்பதில்லை.

“நான் ஒருத்தி அமுக்கினா நாப்பதாயிரம் பொம்பளைங்க பார்த்த மாதிரியாமே? முன்னாடி வந்த தம்பி சொன்னாரு.”

“ஏறக்குறைய அப்படித்தான்மா.”

“கேட்டுக்கோங்க அண்ணி. நாப்பதாயிரம் பேருக்குக் காபி போடுங்க.”

அண்ணி சமையலறை வாசலில் நின்று, துடைத்த தட்டையே துடைத்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

அந்த அம்மா காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடுத்தார். பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து.

“ஏழு மணிக்கு டாக்டர். ஏழரைக்கு வர்றது சுத்தக் குப்பை.”

“அப்புறம் எதுக்குப் பார்க்கிறீங்க?”

“நான் விட்டுட்டா நிறுத்திடுவாங்களே! அதுல வேலைக்காரியா வர்ற பொண்ணு இப்பத்தான் கொஞ்சம் நல்லா நடிக்குது. அது பொழப்புல மண்ணைப் போடச் சொல்றீங்களா? எட்டு மணிக்கு இரட்டைப் பிள்ளைங்க கதை, அது சுமார். திங்கக்கிழமையிலேர்ந்து எட்டரைக்குப் புதுசா ஒன்னு வருது. ரயில் ஓட்டுற பொம்பளை. அதை விடவே மாட்டேன். சாப்பாட்டை ஏழுக்கு முன்னாடியே முடிச்சுடலாம்னு சொல்லியிருக்கேன். இந்த வீட்ல யார் கேக்கறா?”

அண்ணன் கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதன் திரை அணைந்திருந்தது.

சோபாவை ஒட்டி, கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள் இரண்டு. என் கண் அங்கே போனதை அந்த அம்மா பார்த்துவிட்டார்.

“என் துணிமணிதான். ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறாங்களாம். அண்ணன் பையனுக்குக் கல்யாணம் வருதில்ல.”

நான் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டேன்.

“ரிமோட்டைக் கொடுங்கம்மா.”

“என் கையிலயே இருக்கட்டும். என்ன பண்ணணும்னு சொல்லுங்க.”

அண்ணனைப் பார்த்தேன். லேசாகத் தலையை அசைத்தார்.

“உங்க நம்பரை அமுக்கிப் பிடிங்க. பத்து செகண்ட். நடுவுல விட்டுடாதீங்க.”

இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அமுக்கினார். போட்டோவுக்கு உட்காருவதுபோல முதுகை நிமிர்த்திக்கொண்டு, வாய்விட்டு எண்ணினார்.

ஏழில் விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

“கண்ணடிக்குது பாருங்க!”

பத்தில் அணைந்தது.

பெட்டியின் சின்னத் திரையில் எழுத்து மாறியது. உறுப்பினர்கள்: 4.

“சரிம்மா, கையை எடுத்துடலாம்.”

படிவத்தை அண்ணன் வாசலிலேயே, நான் செருப்பைக் கழற்றுவதற்குள், நிரப்பிக் கொடுத்திருந்தார். அதில் என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இன்னும் மூன்று வீடுகள் எனக்காகக் காத்திருந்தன. அவசரத்தில் அதை சோபாவின் கைப்பிடியில் வைத்தது என் தப்பு.

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சீரியல் முடிவில் ஓடும் பெயர்களைப் படிப்பதற்காக வாங்கியது என்று கொஞ்சம் முன்னால்தான் சொல்லியிருந்தார்.

நீக்கப்படும் உறுப்பினர்: 5.

காரணம்: வீட்டை விட்டுப் போகிறார்.

போகும் இடம்: முதியோர் இல்லம்.

போகும் நாள்: ஞாயிறு.

சமையலறை வாசலில் தட்டு துடைக்கும் சத்தம் நின்றுபோனது.

அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணன் எழுத்து அவருக்குத் தெரியாதா என்ன? காலண்டர் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு ஐந்தை அமுக்கினார். விளக்கு வரவில்லை. இன்னொரு முறை அமுக்கினார்.

டி.வி.யில் டாக்டர் கதையின் பாட்டு தொடங்கியது. வழக்கமாக இந்நேரத்துக்கு எங்கள் அலுவலகத் திரையில் ஐந்து எரிந்திருக்கும்.

“தம்பி,” என்றார். குரலை அவ்வளவு தணித்துக் கேட்டார், பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல.

“இன்னைக்கு வெள்ளிதானே. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்கதானே இருக்கப்போறேன். அதுவரைக்குமாவது என்னை எண்ணிக்கங்களேன்.”