அரைச்சுற்று

விசிறி அரைச்சுற்று சுற்றி நின்றுவிட்டது.

அவன் மறுபடியும் பொத்தானை அழுத்தினான். விளக்கு ஒருமுறை மின்னியது. விசிறி துடித்தது. நின்றது.

கூடத்துத் தரையில் நாளிதழ் விரித்து அதன்மேல் கம்ப்யூட்டர் கேபினெட்டைக் கிடத்தியிருந்தான். எதிரே படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது.

உள்ளே அபிராமி.

பாகங்கள் எல்லாம் அவள் தேர்ந்தெடுத்தவை. பூட்டியது மட்டும் அவன். நாகல்நகர் கடையில் ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்தவள். குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினாள். பிறகு இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அன்று படுத்தவள். சாப்பாட்டுத் தட்டை வாங்க மட்டும் கதவு திறக்கும். பேச்சு இல்லை.

கம்ப்யூட்டர் ஓடும் சத்தம் கேட்டால் எழுந்து வருவாள் என்று அவனுக்கு ஒரு எண்ணம். வந்து, வயரை இப்படியா சொருகுவாங்க என்று திட்டுவாள்.

திட்டினால் போதும்.

அவள் சொல்லிச் சொல்லி அவனுக்கும் கொஞ்சம் தெரியும். பவர் சப்ளை செத்துப்போச்சு என்று வந்து நின்ற ஒருவரிடம் அவள் சிரித்தது நினைவிருக்கிறது.

"சாகலண்ணே. உள்ள எங்கயோ தொடக்கூடாத இடத்துல தொடுது. கரண்டு வருது, மோந்து பாக்குது, ஆகாதுன்னு திரும்பிருது. நம்மளவிட வெவரம்ணே அது."

வருது. பாக்குது. திரும்பிருது.

அவன் அதற்குமேல் நினைக்காமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

அவள் வழி எளியது. எது இல்லாவிட்டாலும் உயிர் வருமோ அதையெல்லாம் எடுத்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். எதைச் சேர்த்ததும் அணைகிறதோ அதுதான் கள்ளன்.

டிஸ்க்கைக் கழற்றினான். அரைச்சுற்று.

கிராபிக்ஸ் கார்டை உருவினான். அரைச்சுற்று.

கழற்ற வேறொன்றும் இல்லாதபோது மதர்போர்டையே வெளியே தூக்கி, அது வந்த அட்டைப்பெட்டியின்மேல் வைத்து வயரை இணைத்தான்.

ஓடியது. நிற்காமல் ஓடியது.

அப்படியானால் குற்றம் போர்டில் இல்லை. அது உட்கார்ந்திருந்த இடத்தில்.

காலிக் கேபினெட்டுக்குள் டார்ச் அடித்தான். போர்டின் முதுகு தகரத்தில் படக்கூடாது. அதற்காகத்தான் அடியில் சின்னச் சின்னப் பித்தளைக் கால்கள். போர்டில் துளை உள்ள இடத்துக்கு நேராக மட்டுமே கால் இருக்க வேண்டும். அவன், உறுதியாக இருக்கட்டுமே என்று, துளையில்லாத இடத்திலும் ஒன்றைத் திருகியிருந்தான்.

அது போர்டின் முதுகில் குத்திக்கொண்டிருந்தது. அந்த வழியாகத்தான் கரண்டு தகரத்துக்குள் இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான். நகத்தளவு பித்தளை.

அந்தக் காலை எடுத்தான். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினான். அழுத்தினான்.

விசிறிகள் இரைந்தன. சுவரில் நீல வெளிச்சம் விழுந்தது. ஒரு கணம் அவன் எல்லாவற்றையும் மறந்து சிரித்துவிட்டான்.

பிறகு கதவைப் பார்த்தான்.

கீழ்வீட்டில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள். கேட்டை மூடினார்கள்.

கேபினெட்டைக் கதவுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தான். விசிறிகள் இரைந்துகொண்டே இருந்தன.

கதவு அப்படியே இருந்தது.

அணைத்தான்.

திரும்பவும் ஒவ்வொரு திருகாகக் கழற்றினான். போர்டைத் தூக்கினான். பித்தளைக் காலை எடுத்து, முன்பிருந்த அதே இடத்தில், கவனமாகத் திருகினான். இப்படித் தொட்டுத் தொட்டு அணைந்தால் போர்டு ஒரேயடியாகப் போய்விடலாம். அதுவும் அவள் சொன்னதுதான். போர்டை அதன்மேல் வைத்து இறுக்கினான்.

அழுத்தினான்.

அரைச்சுற்று.

கதவில் நெற்றியைச் சாய்த்து நின்றான்.

"அபி, எனக்கு ஒண்ணும் பிடிபடல. ஒரு நிமிஷம் வந்து பாரேன்."

அவன் நகரவில்லை.

வெகுநேரம் கழித்து, சுவரைப் பார்த்துப் பேசுவதுபோல ஒரு குரல் வந்தது.

"போர்டுக்கு அடியில ஒரு கால் ஜாஸ்தியா இருக்கும். பாருங்க."

அவன் கேபினெட் பக்கம் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்துட்டேன்" என்றான். "இல்லையே."