அரை டம்ளர் டீ

"உன் அண்ணனை எங்கயாவது பூட்டிப் போட வேண்டியதுதானே?" என்று பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் தங்கையிடம் கேட்டாள். குடிப்பழக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை தரும் இந்த இல்லத்தில் எதற்கும் பூட்டில்லை. நீள மேசையில் மாலை வெயில் படுத்திருக்கிறது. இன்றுதான் சேர வந்த அண்ணன், எந்த நிமிடமும் எழுந்து ஓடிவிடுபவனைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறான். தங்கை அவன் துணிப்பையைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்கிறாள். நர்ஸம்மா டீ ஊற்றுகிறாள். எல்லாருக்கும் அரை டம்ளர்தான், தனக்கும்கூட. "என்னக்கா, இவ்ளோ கஞ்சத்தனம்?" என்கிறான் அண்ணன். "முழுசா ஊத்தினா பாதியைச் சட்டைதான் குடிக்கும், தம்பி. எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்க." கொஞ்சமும் நடுங்காத கையால் அவள் தன் அரை டம்ளரை எடுத்துக் குடிக்கிறாள். அண்ணன் நடுங்கும் இரு கைகளாலும் ஏந்திக் குடிக்கிறான். ஒரு சொட்டும் சிந்தவில்லை. வெறும் டம்ளரை அவளிடம் நீட்டுகிறான். "இன்னொண்ணு, அக்கா." தங்கை அவன் துணிப்பையை மெல்ல நாற்காலியோரம் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போகிறாள்.