அக்காவுக்கு அளவான துப்பாக்கி

"நான்தான் சுட்டேன்" என்றாள் டார்லா. பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்வதுபோல் சொன்னாள். பாத்திரம் கழுவிய ரப்பர் கையுறைகளைக் கழற்ற மறந்து, அப்படியே சமையலறை மேசை முன் உட்கார்ந்திருந்தாள்.

எதிரே ஷெரிஃப் ஹாலிஸ், தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டிருந்தார். மேசை நிறைய அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த சாப்பாட்டுப் பாத்திரங்கள். ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. மறுநாள் அவளுடைய தம்பி வேடின் அடக்கம்.

"என்னன்னு நினைச்சுச் சுட்டே?"

"மானுன்னு."

"எல்க் மானு, ஷெரிஃப் ஐயா" என்றான் அவள் கணவன் கர்ட். பின்னால் நின்று அவள் தோளைப் பிடித்திருந்தான். "இருட்டுற நேரம். மரத்துக்கு நடுவுல பழுப்பா ஏதோ அசைஞ்சுது. யாருக்கா இருந்தாலும் தப்பு நடக்கும்."

"நான் அவளைக் கேட்டேன், கர்ட். நீ எங்க இருந்தே?"

"இவ பக்கத்துலதான், வெறுங்கையோட. துப்பாக்கியைத் தொட்டா மறுபடி ஜெயிலுக்கு அனுப்பிடுவேன்னு நீங்கதானே சொல்லி வச்சிருக்கீங்க? கறியைச் சுமக்கத்தான் போனேன், கழுதை மாதிரி."

"கழுதை இவ்வளவு பேசாது."

கர்ட் சிரித்தான். டார்லா சிரிக்கவில்லை. யாரோ பக்கத்து அறையில் பேசுவதைக் கேட்பதுபோல் இருந்தாள்.

"வேட் விழுந்ததும் யார் முதல்ல ஓடினது?"

"கர்ட்."

"நீ?"

"நின்னுட்டே இருந்தேன்."

"அவன்கிட்ட கடைசியா என்ன பேசினே?"

"சாண்ட்விச்சுல ஊறுகாய் வைக்கலைன்னு திட்டினான். வீட்டுக்கு வா, பாட்டிலோட தர்றேன்னு சொன்னேன்." குரல் உடையவில்லை.

ஹாலிஸ் முத்திரை வைத்த நீளப் பையைப் பிரித்துத் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். தோட்டாவை மட்டும் எடுத்திருந்தார்கள். மற்றபடி பனியில் கிடந்ததை எடுத்தது எடுத்தபடியே இருந்தது.

வேட் வாங்கித் தந்த துப்பாக்கி அது. பெண்களுக்கென்றே செய்தது. ஆண்களுக்கான துப்பாக்கியோடு அக்கா கழுத்தை நீட்டி, முதுகை வளைத்து, கன்னத்தில் இடி வாங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், பில்லிங்ஸ் நகரத்துக் கடைக்கு அழைத்துப்போய்க் கையை அளக்கச் சொல்லி வாங்கிக் கொடுத்தான். தோளில் ஊன்றும் கட்டை குட்டை, கன்னம் பதியும் இடம் உயரம். தூக்கினால் கண் தானாகக் குழல்மேல் பொருத்திய தொலைநோக்கிக்கு நேராகப் போய் நிற்கும்.

கட்டையின் நீளத்தைக் கூட்டிக்கொள்ள, விரல் கனத்தில் இரண்டு துண்டுகளும் பெட்டியில் இருந்தன. "பத்திரமா வை அக்கா. உன் கை இன்னும் வளரும்னு கடைக்காரன் நம்புறான்" என்று வேட் கேலி செய்தான். கர்ட் அதைப் பொம்மைத் துப்பாக்கி என்றுதான் சொல்வான்.

"வழக்கு வரும், டார்லா" என்றார் ஹாலிஸ். "நீ ஜெயிலுக்கும் போக வேண்டி வரலாம். புரியுதா?"

"புரியுது."

"வக்கீலைக் கேட்டுட்டோம்" என்றான் கர்ட். "விபத்து, பொம்பளை, பழைய கேஸ் எதுவும் கிடையாது. சீக்கிரம் வெளிய வந்துடலாமாம்." அவள் தோளை இரண்டு தட்டுத் தட்டினான்.

"ரொம்ப அக்கறையா விசாரிச்சிருக்கே."

"என் பொண்டாட்டி. நான் விசாரிக்காம?"

ஹாலிஸ் தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். கோட்டுப் பையிலிருந்து கேமராவை எடுத்தார். "ஒரு வேலைதான் பாக்கி. அரசு வக்கீல் படம் கேட்கிறார். எழுந்து, அன்னைக்குச் சுட்ட மாதிரியே பிடிச்சுக் காட்டும்மா."

"இப்பவா?" கர்டின் குரல் உயர்ந்தது. "நாளைக்குத் தம்பியைப் புதைக்கப் போறவ கையில அதைக் குடுக்கிறீங்களே, நீங்க மனுஷனா? தள்ளுங்க, நான் பிடிச்சுக் காட்டறேன்."

"கையை எடு. நீ அதைத் தொடக் கூடாது."

டார்லா கையுறைகளைக் கழற்றி, நீர் சொட்டாமல் தொட்டிமேல் போட்டாள். துப்பாக்கியை எடுத்தாள். குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் எடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பித் தோளுக்குக் கொண்டுபோனாள்.

கட்டை அக்குளில் இடித்து நின்றது. இறக்கி மறுபடி தூக்கினாள். மெல்லிய பருத்திச் சட்டைதான் போட்டிருந்தாள், தடுக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் கண்ணுக்கு நேராகத் தொலைநோக்கி வரவில்லை, எங்கோ முன்னால் நின்றது. விசையைத் தேடி விரலை நீட்டினாள்.

"கழுத்தை முன்னால நீட்டு" என்றான் கர்ட் மெதுவாக. "உடம்பையும் கொஞ்சம் சாய்ச்சுக்க. சரியா வந்துடும். நீ எப்பவும் அப்படித்தானே பிடிப்பே, டார்லா?"

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். வேட் விழுந்ததிலிருந்து அவள் யார் முகத்தையும் நேராகப் பார்த்திருக்கவில்லை. இப்போது வெகுநேரம் பார்த்தாள்.

கழுத்தை நீட்டவில்லை. பெட்டியில் இருக்க வேண்டிய இரண்டு துண்டுகளும் கட்டையின் நுனியில் ஏறியிருப்பதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, துப்பாக்கியைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தாள்.

"ஷெரிஃப், எனக்கு விரல் எட்டலை."