ஒரு கரண்டிப் பாவம்

"எங்க அண்ணி நோன்பை முறிச்சுட்டாங்க. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

ஜெனபு இதை முதலில் சொன்னது பக்கத்து வீட்டில். ஈஸ்டர் பூசைக்கு நாங்கள் எல்லோரும் கோயிலில் கூடியபோது, கோண்டார் நகரில் எங்கள் தெருவுக்கே விஷயம் தெரிந்திருந்தது. பிரார்த்தனையைவிட அந்தப் பேச்சுதான் அதிகம்.

அண்ணி என்றால் யெஷி. நோன்பு விஷயத்தில் அவள் எங்கள் தெருவுக்குப் போலீஸ். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் கறி, முட்டை, பால், நெய் எதுவும் அவள் வீட்டில் யார் வாயிலும் படாது. போன வருஷம் ஜெனபுவின் காப்பியில் பால் வாசனை வருகிறது என்று நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கியவள்.

பண்டிகைக் கோழிக்குழம்பை நோன்பு முடிவதற்கு முன்பே அடுப்பில் ஏற்றியாக வேண்டும். ஆனால் ருசி பார்க்கக் கூடாது. வெங்காயம் வதங்கியதா, மிளகாய்த்தூள் சேர்ந்ததா எல்லாவற்றையும் மூக்குதான் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் அப்படித்தான் சமைக்கிறோம்.

"கரண்டியில எடுத்து, ஊதி, வாயில விட்டுக்கிட்டாங்க. அதுவும் ஒரு தடவை இல்ல! அப்புறம் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு கூடை வெங்காயத்தை நறுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. பண்ணின பாவத்துக்கு அழ ஒரு சாக்கு வேணாமா?" என்றாள் ஜெனபு.

இந்த வருஷம் குழம்பு வைத்தது யெஷி இல்லை. புது மருமகள் மெஸரெத். கல்யாணத்துக்குப் பிறகு முதல் ஈஸ்டர். கோழியைப் பன்னிரண்டு துண்டாகப் பிசகாமல் வெட்டுகிறாளா, குழம்பு கூடிவருகிறதா என்று பார்த்துத்தான் இங்கே மருமகளுக்கு நல்ல பெயரோ கெட்ட பெயரோ கிடைக்கும். அது போதாதென்று, "எங்கம்மா வீட்டுப் பக்குவத்துல வைக்கட்டுமா அத்தை?" என்று வேறு கேட்டிருந்தாள்.

"வை. எங்களுக்கும் கத்துக் கொடு" என்று யெஷி சொன்னதே அதிசயம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஸரெத்தின் அம்மா விருந்துக்கு வந்த பிறகுதான் பானையைத் திறந்தார்கள். பெரிய தட்டில் இஞ்செரா ரொட்டியை விரித்து, நடுவில் குழம்பை ஊற்றி, அவித்த முட்டைகளை வைத்தாள் மெஸரெத்.

அவள் அம்மா ஒரு வாய் எடுத்தாள். கண்ணை மூடினாள்.

"எங்க வீட்டுக் குழம்பேதான்! நானே வெச்சிருந்தாக்கூட இவ்வளவு நல்லா வந்திருக்காது."

மெஸரெத்துக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஜெனபுவுக்கு அது பொறுக்கவில்லை.

"நல்லா இல்லாம எப்படி இருக்கும்? எங்க அண்ணிதான் நேத்தே ருசி பார்த்து பாஸ் போட்டுட்டாங்களே!"

தட்டுக்கு நீண்ட கைகள் அப்படியே நின்றன.

"நிஜமாவா அத்தை?" என்றாள் மெஸரெத். "நான் வெச்ச குழம்பு மேல அவ்வளவுதான் நம்பிக்கையா?"

"பார்த்தேன்" என்றாள் யெஷி நிதானமாக. "என் நாக்கு, என் பாவம். பாதிரியார்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீ சாப்பிடு, ஆறிடப் போகுது."

ஜெனபு விடுவதாக இல்லை. "என் காப்பிக்கு ஒரு நியாயம், உங்க வாய்க்கு ஒரு நியாயமா அண்ணி? ஏன் பார்த்தீங்கன்னு சொல்லுங்களேன்."

"ஆசைதான். விடேன்."

மெஸரெத் அழுதேவிட்டாள். அம்மா பக்கம் திரும்பினாள்.

"நீ சொன்ன மாதிரிதாம்மா எல்லாம் செஞ்சேன். வெங்காயத்தைக் கருக விடல. உப்பைக்கூட நம்ம வீட்டுல போடற மாதிரி முதல்லயே வெங்காயத்தோட போட்டு வதக்கினேன். அத்தையும் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தாங்க."

"உப்பு முதல்லயேவா?" ஜெனபு சிரித்தாள். "எங்க வீட்டுல இறக்கும்போதுதானே போடுவோம்! நீ தண்ணி பிடிக்கப் போனப்ப நான் வந்து பார்த்தேன். உப்பு ஜாடி மூடினபடியே இருந்துச்சு. பாவம், சின்னப் பொண்ணு மறந்துட்டா, நாளைக்கு அவ மானம் போகக் கூடாதேன்னு நான்தான் ரெண்டு கை அள்ளிப்..."

வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

மெஸரெத் மாமியாரைப் பார்த்தாள். வெங்காயம் நறுக்கிச் சிவந்த கண்கள் இன்னும் சரியாகியிருக்கவில்லை.

"காலையில வெங்காயக் கூடை காலியா இருந்துச்சே..." என்றாள் மெதுவாக. "உப்பை இழுக்கறதுக்கு இன்னொரு தடவை வதக்கிச் சேர்த்தீங்களா அத்தை?"

யெஷி இஞ்செராவைக் கிழித்து, நல்ல கறித் துண்டாகப் பார்த்து எடுத்து, குழம்பில் தோய்த்துச் சுருட்டினாள். பிரியமானவர்களுக்கு நம் கையாலேயே ஊட்டிவிடுவதுதான் எங்கள் வழக்கம். திறந்திருந்த ஜெனபுவின் வாயில் அதை வைத்து அடைத்தாள்.

"இப்ப நீயே சொல்லு, சரியா இருக்கா? நேத்து நீ கையைத் தட்டிக்கிட்டுப் போனதுல இருந்து நானும் பானையை எவ்வளவோ மோந்து பார்த்தேன் ஜெனபு. உப்புக்கு மட்டும் வாசனையே வரமாட்டேங்குது!"