ஈரத்தலை

ஷ்யாமின் எட்டாவது வயதில், அண்ணன் கிரிதர் எதிர்க்கட்சிக்குக் கொடிபிடித்தான். அப்பா அவனை வீட்டை விட்டுத் துரத்தினார். கையோடு தலைமுழுகிவிட்டு, ஷ்யாம் தலையிலும் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார்.

“கட்சி மாறினவன் செத்தவன்டா. நல்லா ஞாபகம் வச்சிக்கோ.”

அண்ணன் அப்புறம் சதுரங்கப்பட்டினம் பக்கமே வரவில்லை.

பத்து வருடம் கழித்து, உள்ளாட்சித் தேர்தல் நேரம். செங்கல்பட்டுப் பொதுக்கூட்டம் முடிந்து அப்பா பூரிப்போடு வீடு திரும்பினார். குழாயடியில் ஷ்யாம் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“இன்னாடா, சொக்காயோட குளிச்சிகினு கீற? யாரு செத்தது?”

மேடையில் நடந்தது அவருக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டிருந்தது. அவர் தோளில் புதிதாகத் தொங்கியது, அண்ணன் கொடிபிடித்த கட்சியின் கரைபோட்ட துண்டு.

ஷ்யாம் அடுத்த வாளியைத் தூக்கினான்.

“நீதான் நைனா.”