தானாக நடக்கும் ஏற்பாடு

"உனக்குச் சம்பளம் கொடுக்கிறது எதுக்கு? எங்க வேலையைக் கெடுக்கறதுக்கா?"

திங்கட்கிழமை காலை, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி என்னை வாங்கு வாங்கென்று வாங்கியவர் வெடி அக்கா. எங்கள் தலைமை கிளார்க். அந்தப் பெயரை வைத்ததே நான்தான். அவருக்குத் தெரியாது என்பது என் நினைப்பு.

நான் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். மொத்தம் முப்பத்தாறு கம்ப்யூட்டர், ஐந்து புது சாஃப்ட்வேர், வெள்ளிக்குள் ஏற்றியாக வேண்டும் என்று உத்தரவு. மேஜை மேஜையாகப் போய் உட்கார எனக்கென்ன தலையெழுத்தா? நான்தான் மகா புத்திசாலி ஆயிற்றே! ஒரு நாளைக்கு ஒன்றாக, காலையில் சுவிட்சைப் போட்டதும் தானாகவே ஏறுகிற மாதிரி ஏற்பாடு செய்தேன். பாஸ்வேர்டுகூடத் தேவையில்லை.

'சாயங்காலம் எல்லாரும் மறக்காமல் அணைத்துவிட்டுப் போங்கள். காலையில் சுவிட்சைப் போட்டால் போதும், மற்றது தானாக நடக்கும்' என்று மெயில் அனுப்பிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நடந்தது. அந்தத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட, எல்லாத் திரையிலும் 'அணைக்க வேண்டாம், நான்கு சதவீதம்' என்று வந்து நின்றது. ஐம்பது நிமிஷம். கவுன்ட்டர் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது.

மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். கதவைக்கூடச் சாத்தவில்லை.

"இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா இந்த வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துடுவேன். நீங்க வீட்டுல உட்கார்ந்து காலை ஆட்டிக்கலாம்."

வீட்டில் ஆட்டுவதற்கு ஏற்கெனவே ஒரு தொட்டில் இருந்தது. குழந்தை பிறந்து இருபது நாள்.

சாயங்காலம் ஏதோ இரண்டு செட்டிங்கை மாற்றிவிட்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை, காபி மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தேன். சுவிட்சைப் போட்டார்கள். இரண்டே நிமிஷத்தில் எல்லாரும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்! சாஃப்ட்வேரும் ஏறியிருந்தது. புதன், வியாழனும் அப்படியே.

"எப்படிய்யா?" என்று மேனேஜரே கேட்டார்.

"அதெல்லாம் ஒரு சின்ன நெளிவு சுளிவு சார்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

வியாழன் மதியம் கணக்கெடுத்தால் முப்பத்தைந்துதான் வந்தது. ஒரே ஒரு கம்ப்யூட்டரில் எதுவுமே ஏறவில்லை. யாருடையது என்று பார்க்கக் கம்ப்யூட்டர் பதிவுகளைத் திறந்தவன் கண்ணில் வேறொன்று பட்டது. மூன்று நாளாக, காலை ஏழு பத்திலிருந்து யாரோ கம்ப்யூட்டர்களை நிமிஷத்துக்கு ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். ஒன்பதுக்குள் அணைத்தும் வைத்திருக்கிறார்கள். தினமும் முதலில் உயிர் பெற்றது வெடி அக்காவின் கம்ப்யூட்டர். ஆபீஸின் இன்னொரு சாவி இருப்பதும் அவரிடம்தான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. நேராக மேனேஜரிடம் ஓடினேன்.

"சார், யாரும் இல்லாத நேரத்துல வந்து எல்லாருடைய கம்ப்யூட்டரையும் நோண்டுறாங்க. ஃபைல் திருட்டா இருக்கலாம்!"

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு நானும் மேனேஜரும் ரிக்கார்டு ரூமில் பதுங்கினோம். ஏழு பத்துக்குக் கதவு திறந்தது. அக்காதான். ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் குனிந்து சுவிட்சைப் போடுவதும், முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுவதுமாக வந்தார்.

"கையும் களவுமா பிடிச்சாச்சு சார்!" என்று வெளியே பாய்ந்தேன்.

அக்கா அசரவேயில்லை. "கத்தாதே. இன்னும் ஏழு பாக்கி இருக்கு. இப்போ போட்டாத்தான் எட்டே முக்காலுக்குள்ள ஏறி முடியும்."

"என்ன மேடம் இது?" என்றார் மேனேஜர்.

"தம்பி ஏத்துற சாஃப்ட்வேர்தான் சார். திங்கட்கிழமை நீங்க சத்தம் போட்டது எனக்குக் கேட்டுச்சு. பச்சைக் குழந்தையை வெச்சிருக்கான். சுவிட்சைப் போட்டா தானா ஓடும்னு இவன்தானே மெயில் போட்டான்? எல்லாரும் வர்றதுக்கு முன்னாடியே ஓடட்டும்னு போடறேன். முடிஞ்சதும் அணைச்சு வெச்சிடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்னு பார்த்தேன்."

"அப்போ... என்னோட அந்த ரெண்டு செட்டிங்?" என்றேன் ஈனசுரத்தில்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா."

"அன்னிக்கு அந்தத் திட்டு திட்டினீங்களேக்கா?"

"தப்பு பண்ணினா திட்டத்தான் செய்வேன். வெடின்னு பேர் வெச்சிருக்கியே, வெடிக்க வேண்டாமா? அதுக்காக உன் வேலை போகணுமா என்ன?"

மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நெளிவு சுளிவுன்னு சொன்னது இதைத்தானா?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. பேச்சை மாற்றினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"அது இருக்கட்டும் சார். ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும் இதுவரைக்கும் ஒண்ணுமே ஏறலை. நான் அவ்வளவு சொல்லியும் யாரோ அணைக்காமலே வீட்டுக்குப் போறாங்க. முதல்ல அந்த ஆளைப் பிடிச்சு நடவடிக்கை எடுக்கணும்!"

அக்கா அடுத்த மேஜைக்கு அடியில் குனிந்தபடியே சொன்னார்:

"அது உன்னோடதுதான் தம்பி. நாலு நாளா நானும் பார்க்கறேன், நீ அணைச்சாத்தானே நான் போட முடியும்?"