நான்காம் பக்கத்து விதி

பதினொரு நாளும் நான்கு மணி நேரமும் உட்கார்ந்து எழுதிய ஸ்டைல் கைடு மேசை நடுவில் கிடக்கிறது. கலை அறக்கட்டளையின் சுவரொட்டியும் அறிக்கையும் இனி எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எழுதியவள் சுவரோரம் நிற்கிறாள். அதன் அட்டைக்கு மஞ்சள் தீட்டிய ஓவியக்காரியைச் சுற்றித்தான் கூட்டம். ஜன்னல் வெயில்கூட ஆள் பார்த்து அவள் மேல்தான் விழுகிறது. "கலக்கிட்ட போ!" என்று ஓவியக்காரியிடம் சொல்லும் அறக்கட்டளை இயக்குநர், நான்காம் பக்கத்தைப் புரட்டி உரக்கப் படிக்கிறார்: "எந்தப் படைப்பின் கீழும் அதைச் செய்தவர் பெயர் இருக்க வேண்டும்." நிமிர்ந்து ஓவியக்காரியைப் பார்க்கிறார். "எப்படிம்மா உனக்கு இதெல்லாம் தோணுது?" அவள் மறுக்காமல் விரல் நுனி மஞ்சளைச் சுரண்டுகிறாள். எழுதியவள் சுவரோரத்திலிருந்து முன்னே வருகிறாள். "சார், அட்டைதான் அவளோடது. எழுதினது நான்."